ஒருமுறைக்கு மேல் எழுதாத உயிரணு: வாசகர் கேள்வி – பதில்

உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுத்துக்கொள்கிறது என்றும், அதை ஒருமுறைக்கு மேல் எடுத்துவிடாமல் தடுக்க ஜெமினின் என்றொரு புரதம் இருக்கிறது என்றும் சென்ற இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரியைப் பற்றியே புதுச்சேரியிலிருந்தும் கடலூர் மாவட்டத்திலிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நகலெடுக்கும் வேலை முடிந்தால் தானாக நின்றுவிடாதா? நிறுத்தி வைப்பதற்கென்று தனியாக ஒரு புரதம் எதற்கு?
– கல்லூரி மாணவி, வில்லியனூர்

பதில்: ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிகிற வேலையாக இருந்தால் நீங்கள் சொல்வதுபோலத் தானாகவே நின்றுவிடும். ஆனால் அப்படிச் செய்ய உயிரணுவுக்கு நேரம் போதாது. மனித உயிரணு ஒன்றில் 46 குரோமோசோம்களிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ 600 கோடி எழுத்து இணைகள் உள்ளன (டி.என்.ஏ. இழையில் வரிசையாகக் கோத்திருக்கும் வேதிக்கூறுகளைத்தான் எழுத்து என்கிறேன்). நீட்டிப் பிடித்தால் இரண்டு மீட்டர் நீளம் வரும். முதலாம் குரோமோசோமில் மட்டும் ஏறத்தாழ 25 கோடி இணைகள். நகலெடுக்கும் புரதக்கூட்டம் நிமிடத்துக்கு 2,000 எழுத்து என்ற நல்ல வேகத்திலேயே போனாலும், அந்த ஒரு குரோமோசோமின் ஒரு முனையிலிருந்து மறுமுனை போய்ச் சேர ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கும். நம் உயிரணுக்களோ இந்த வேலை முழுவதையும் எட்டு மணி நேர அளவில் முடித்துவிடுகின்றன. எப்படியென்றால், ஒரே இடத்தில் தொடங்காமல், மொத்தம் 30,000 முதல் 50,000 வரையிலான இடங்களில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலிருந்தும் இரு பக்கமாகவும் எழுதிக்கொண்டே போய், அக்கம்பக்கத்தில் எழுதிக்கொண்டு வருபவர்களைச் சந்திக்கும் இடத்தில் முடித்துக்கொள்கின்றன.

புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் சைவ ஓலைச்சுவடிகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்ற தொகுப்பு அது. சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்பவர்கள் அடிக்கடி காணும் பிழைகளுள் ஒன்று, ஏடு பெயர்த்து எழுதியவர் கண் தவறி அதே வரியை இரண்டாம் முறையும் எழுதிவிட்டிருப்பது. ஒரே ஆள் எழுதும்போதே இப்படி என்றால், ஒரு பெருஞ்சுவடியை நாற்பதாயிரம் பேரிடம் கொடுத்து, ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாத நிலையில், எட்டு மணி நேரத்தில் ஒரு வரியும் விடாமல், ஒரு வரியும் இரட்டிக்காமல் எழுதி முடிக்கச் சொன்னால் என்ன ஏற்பாடு செய்வீர்கள்? நானாக இருந்தால், எழுதத் தொடங்குவதற்கு முந்தின நாளே, தொடங்க வேண்டிய இடந்தோறும் ஓர் ஓலை நறுக்கைச் செருகி வைத்துவிடுவேன். நறுக்கு இருக்கும் இடத்தில் மட்டுமே எழுதத் தொடங்கலாம். தொடங்கியதும் அந்த நறுக்கை எடுத்துவிட வேண்டும். எழுத்து வேலை தொடங்கிய பிறகு புதிதாக நறுக்கு எதையும் யாரும் செருகக் கூடாது. இந்த மூன்று விதிகளும் கண்டிப்பாகக் காக்கப்பட்டால் எந்த வரியும் இரட்டிக்காது.

உயிரணு செய்துவைத்திருக்கும் ஏற்பாடும் இதுதான். பிரிந்து பிறந்த புதிய உயிரணுவில், நகலெடுப்புக்கு முந்தைய அமைதியான காலத்தில், ஓ.ஆர்.சி. என்ற புரதக்கூட்டம் டி.என்.ஏ.வின் மேல் தொடக்க இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. அதனோடு சி.டி.சி.6 வந்து சேர்கிறது. பிறகு சி.டி.டி.1 என்ற புரதம், ஆறு புரதங்கள் வட்டமாகக் கோத்த எம்.சி.எம். என்னும் வளையத்தை அழைத்து வந்து டி.என்.ஏ. இழையைச் சுற்றி மாட்டிவிடுகிறது. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி மாட்டப்படுகின்றன. இவைதான் ஓலை நறுக்குகள். ஆய்வாளர்கள் இதனை உரிமம் வழங்குதல் என்கிறார்கள். நகலெடுப்புக் காலம் தொடங்கியதும் அந்த வளையங்களோடு வேறு சில புரதங்கள் சேர்ந்து அவற்றை முடுக்கிவிட, வளையங்கள் இழையைப் பிரித்துக்கொண்டே நகர்ந்து போகின்றன. தொடங்கிய இடத்தில் நறுக்கு இல்லாமல் போய்விடுகிறது.

மூன்றாவது விதியை, அதாவது இனிமேல் யாரும் நறுக்குச் செருகக் கூடாது என்பதைக் காப்பதுதான் ஜெமினினின் வேலை. நகலெடுப்புத் தொடங்கும்போது உயிரணுவில் சேரத் தொடங்கும் இப்புரதம், இணை இணையாகச் சேர்ந்து சி.டி.டி.1ஐப் பற்றிக்கொள்கிறது, பற்றப்பட்ட சி.டி.டி.1ஆல் வளையம் மாட்ட முடியாது. உயிரணு பிரியும் வேளையில், இரட்டித்த குரோமோசோம்கள் இரு புறமும் விலகும் கட்டத்தில், ஜெமினினின் மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்பட்டு, அது முழுவதும் சிதைக்கப்படுகிறது. விடுபட்ட சி.டி.டி.1 மறுபடியும் வளையம் மாட்டத் தொடங்குகிறது.

இதில் என்னை மிகவும் வியக்க வைத்த ஒன்று உண்டு. உயிரணு பிரியும் கட்டத்தில் சி.டி.டி.1ஐச் சிதையாமல் காத்து வைப்பதும் இதே ஜெமினின்தான் என்று 2004ஆம் ஆண்டு காட்டப்பட்டது. வேலை செய்ய விடாமல் கையைப் பிடித்துக்கொண்டிருந்த காவலரே, அடுத்த சுற்றுக்கு ஆள் வேண்டுமே என்று அவரைப் பத்திரமாகவும் வைத்திருக்கிறார்.

உயிரணு ஜெமினினை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நகலெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே சி.டி.டி.1இன் பெரும்பகுதி சிதைக்கப்படுகிறது, ஓ.ஆர்.சி., சி.டி.சி.6 ஆகியவற்றின் மேலும் வேறு கட்டுப்பாடுகள் உள்ளன. இத்தனை பூட்டுகள் இருந்தும், ஆய்வகத்தில் ஜெமினினை நீக்கினால் பல வகை உயிரணுக்களில் எழுதிய இடத்திலேயே மீண்டும் எழுதும் வேலை தொடங்கிவிடுகிறது. பின்னால் வரும் நகலெடுப்பு முன்னால் போவதன் மேல் மோத, இழைகள் அறுந்து, உயிரணு செயலிழந்து நிற்கிறது. ஜெமினின் மரபணு அற்ற எலிக் கரு, தாயின் கருப்பைச் சுவரில் பதிவதற்கு முன்பே அழிந்துவிடுகிறது.

கேள்வி: இதைக் கண்டுபிடித்தவர்கள் யார்? அவர்களில் நம்மவர் யாரும் உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கடலூர் முதுநகர்

பதில்: உண்டு ஐயா. இந்தக் கதையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த போட்டு நரசிம்ம ராவ். 1970ஆம் ஆண்டு அவரும் ராபர்ட் ஜான்சனும் அமெரிக்காவின் கொலராடோவில் செய்து வெளியிட்ட சோதனை, எளிமையிலும் கூர்மையிலும் இன்றும் மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தக்கது. ஆய்வகத்தில் வளரும் மனித உயிரணுக்களை, அவற்றின் பிரிவுச் சுற்றின் வெவ்வேறு கட்டங்களில் எடுத்து, வைரஸ் ஒன்றின் உதவியால் இரண்டிரண்டாக ஒட்ட வைத்தார்கள். ஒட்டியபின் ஒரே உயிரணுவுக்குள் இரண்டு உட்கருக்கள் அருகருகே இருக்கும். நகலெடுத்துக்கொண்டிருக்கும் உயிரணுவை, இன்னும் நகலெடுக்கத் தொடங்காத ஒன்றுடன் ஒட்டினால், பின்னதின் உட்கருவும் உரிய காலத்துக்கு முன்பே நகலெடுக்கத் தொடங்கியது. அதே உயிரணுவை, நகலெடுத்து முடித்துவிட்ட ஒன்றுடன் ஒட்டினால், முடித்த உட்கரு அசையவில்லை. நகலெடுப்பைத் தூண்டும் பொருள் தன்னைச் சுற்றிலும் நிறைந்திருக்கிறபோதும் அது மறுபடி தொடங்கவில்லை. அப்படியானால், முடித்த உட்கருவுக்கும் தொடங்காத உட்கருவுக்கும் உள்ளேயே ஏதோ வேறுபாடு இருக்க வேண்டும்.

அந்த வேறுபாடு என்ன என்பதற்கு 1988ஆம் ஆண்டு ஜூலியன் பிளோவும் ரொனால்ட் லாஸ்கியும் ஒரு விடை கூறினார்கள். தவளை முட்டைச் சாற்றில் வைத்த உட்கருவில் ஒருமுறை நகலெடுப்பு முடிந்த பிறகு, அதன் உறை துளைக்கப்பட்டால் மட்டுமே மறுமுறை நடக்கிறது என்று கண்ட அவர்கள், நகலெடுப்பதற்கு உரிமம் தரும் ஏதோ ஒன்று இருக்கிறது, அது ஒரு சுற்றில் செலவாகிவிடுகிறது என்று கருதினார்கள். அவர்கள் ‘ஏதோ ஒன்று’ என்றது தனிப்பொருள் அன்று, ஒரு கூட்டம் என்பது பிறகு தெரிந்தது.

ஜெமினின் வந்தது 1998இல். ஹார்வர்டில் தாமஸ் மெக்கேரியும் மார்க் கிர்ஷ்னரும், உயிரணு பிரியும்போது சிதைக்கப்படும் புரதங்கள் எவையெவை என்று தவளை முட்டைச் சாற்றில் தேடிக்கொண்டிருந்தபோது அகப்பட்டது அது. சிதைக்க முடியாதபடி மாற்றிய ஜெமினினைச் சாற்றில் சேர்த்தபோது எம்.சி.எம். வளையங்கள் டி.என்.ஏ.வில் மாட்டப்படவே இல்லை. அது பற்றிக்கொள்வது சி.டி.டி.1ஐத்தான் என்பது 2000ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. இரட்டையர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மிதுன ராசிக்கும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்தான்.

கேள்வி: எங்கள் பலா மரத்திலும் இந்தப் புரதம் இருக்குமா?
– விவசாயி, பண்ருட்டி

பதில்: ஜெமினின் விலங்குகளின் புரதம். ஓ.ஆர்.சி., எம்.சி.எம்., சி.டி.டி.1 ஆகிய உரிமம் வழங்கும் கூட்டமோ உங்கள் பலா மரத்திலும், மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்டிலும், உங்களிடமும் ஏறத்தாழ ஒரே மாதிரியானது. ஒருமுறைக்கு மேல் எழுதாதே என்னும் விதி எல்லோருக்கும் பொது. அதைக் காக்கும் காவல் ஏற்பாடு மட்டும் வேறுபடுகிறது.

கேள்வி: இவ்வளவையும் யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா, அல்லது எல்லாம் ஊகமா?
– அஞ்சல் துறை ஊழியர், பாகூர்

பதில்: பார்க்க முடிகிறது, அதுவும் வண்ணத்தில். 2008ஆம் ஆண்டு ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் அட்சுஷி மியாவாகியின் குழுவினர் ஒரு வழி கண்டார்கள். சி.டி.டி.1இன் ஒரு துண்டோடு செம்மஞ்சள் ஒளி வீசும் புரதத்தையும், ஜெமினினின் ஒரு துண்டோடு பச்சை ஒளி வீசும் புரதத்தையும் இணைத்து உயிருள்ள உயிரணுக்களில் வைத்தார்கள். சி.டி.டி.1 இருக்கும் காலத்தில் உட்கரு சிவந்து தெரிகிறது. நகலெடுப்புத் தொடங்கும் வேளையில் இரண்டும் சிறிது நேரம் சேர்ந்திருப்பதால் மஞ்சளாகிறது. பிறகு சிவப்பு மறைந்து பச்சையாகி, உயிரணு பிரியும் வரை பச்சையாகவே இருக்கிறது. பிரிகிற நொடியில் பச்சையும் அணைந்து, சற்று நேரம் நிறமின்றிக் கிடந்து, பிறகு இரண்டு சின்னஞ்சிறு சிவப்பு உட்கருக்கள் தோன்றுகின்றன. வளரும் திசுவை இப்படிப் படம் எடுத்தால், எந்த உயிரணு காத்திருக்கிறது, எது எழுதிக்கொண்டிருக்கிறது என்பதை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதன்முறை அந்தப் படத்தைப் பார்த்தபோது நான் மூன்று முறை திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன்.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. உயரம் மிகக் குறைவு, காது மடல்கள் மிகச் சிறியவை, முழங்கால் சில்லு இல்லை. பரிசோதித்த மருத்துவர் மெயர்–கோர்லின் என்று ஒரு பெயரைச் சொன்னார். நான் கருவுற்றிருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று என் கணவர் வீட்டில் சொல்கிறார்கள். நீங்கள் எழுதிய புரதத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– ஒரு தாய், அரியாங்குப்பம்

பதில்: சகோதரி, முதலில் கிரகணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெளியே வந்ததற்கும் உங்கள் மகளின் நிலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நீங்கள் உண்டதும், உண்ணாததும், உழைத்ததும் காரணமல்ல. இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டாரிடம் அப்படியே காட்டலாம்.

தொடர்பு உண்டு என்பது உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை. நீங்கள் சொல்லும் மூன்று அடையாளங்களும் சேர்ந்ததுதான் மெயர்–கோர்லின் நோய்க்குறித் தொகுப்பு, மிக அரிதானது. அதற்குக் காரணம் மேலே சொன்ன உரிமம் வழங்கும் கூட்டத்தில் ஏற்படும் மரபணுக் குறை என்று 2011ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. ஓ.ஆர்.சி.யின் மூன்று உறுப்புகள், சி.டி.டி.1, சி.டி.சி.6 ஆகிய ஐந்தில் ஏதேனும் ஒன்றின் மரபணுவில் அக்குறை இருந்தது. தொடங்குவதற்குப் போதிய இடங்களில் வளையம் மாட்டப்படாததால் உயிரணுக்கள் பெருகும் வேகம் குறைந்து, கருவிலிருந்தே உடல் சிறிதாக வளர்கிறது என்று கருதுகிறார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி ஒவ்வொன்று வந்து சேரும்போது மட்டுமே வெளிப்படுபவை. ஒரு பிரதி மட்டும் உள்ளவருக்கு எந்தக் குறையும் தெரியாது என்பதால் உங்கள் இருவருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. அவ்வகையாக இருந்தால் அடுத்த குழந்தைக்கு இந்நிலை வரும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் நான்கில் ஒன்று. வேறொரு வகையும் உண்டு: 2015ஆம் ஆண்டு ஜெமினின் மரபணுவிலேயே மாற்றம் உள்ள குழந்தைகள் அறியப்பட்டார்கள். சிதைப்பதற்கான அடையாளம் ஒட்டப்படும் பகுதி அவர்களுடைய ஜெமினினில் இல்லாததால், உரிய காலத்தில் அது விலகாமல் நின்றுவிடுகிறது. இந்த மாற்றம் பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றியது. உங்கள் மகளுக்கு எந்த வகை என்பதை மரபணுப் பரிசோதனைதான் சொல்ல முடியும். அடுத்த குழந்தையைப் பற்றி நினைப்பதற்கு முன் மரபியல் ஆலோசகர் ஒருவரை நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்தே சென்று பாருங்கள். நீங்கள் மட்டும் போக வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

இந்நிலை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அறிவு வளர்ச்சி இயல்பாகவே இருக்கிறது. மகளின் உயரத்தைப் பார்த்து ஒரு வகுப்புக் கீழே சேர்க்கச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். காது கேட்கும் திறனையும் முழங்கால் மூட்டையும் மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தம்பியின் கட்டியை எடுத்துப் பரிசோதித்த அறிக்கையில் ‘கே.ஐ.67: 40 விழுக்காடு’ என்று இருக்கிறது. இது ஜெமினின் போன்றதுதானா? ஜெமினினைத் தடுத்தால் புற்றுநோய் குணமாகுமா?
– சர்க்கரை ஆலைத் தொழிலாளி, நெல்லிக்குப்பம்

பதில்: கே.ஐ.67 வேறு புரதம். 1983இல் ஜெர்மனியின் கீல் நகரில் அடையாளம் காணப்பட்டது. பிரிவுச் சுற்றில் இருக்கும் உயிரணுக்களில் அது இருக்கும், ஓய்வில் இருப்பவற்றில் இருக்காது. ஆகவே 40 விழுக்காடு என்பது, எண்ணிப் பார்த்த நூறு உயிரணுக்களில் நாற்பது பிரிவுச் சுற்றில் இருக்கின்றன என்று பொருள்படும். ஜெமினினையும் இவ்வாறே சாயமேற்றி எண்ணலாம். ஆனால் அது சுற்றின் பிற்பகுதியில் மட்டுமே இருப்பதால் எண்ணிக்கை குறைவாக வரும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஆய்வுகளில் உண்டு. மருத்துவமனை அறிக்கைகளில் வழக்கமாக வருவது கே.ஐ.67தான். இந்த ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தம்பியின் நிலையை முடிவு செய்ய வேண்டாம். ஒரு வகைக் கட்டியில் மிகுதி என்று கருதப்படும் எண் இன்னொரு வகையில் வழக்கமானதாக இருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு விடை: சில வகைப் புற்றுநோய் உயிரணுக்கள் ஜெமினின் ஒன்றையே நம்பியிருப்பதால் அதைக் குறைத்தவுடன் அளவு மீறி நகலெடுத்து மடிகின்றன என்றும், இயல்பான உயிரணுக்கள் மற்றப் பூட்டுகளின் உதவியால் தப்பிக்கின்றன என்றும் 2009ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு காட்டியது. அது ஆய்வகத் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் செய்த ஆய்வு. அதிலிருந்து நோயாளிக்குத் தரும் மருந்து எதுவும் வரவில்லை. இந்தப் பெயரைச் சொல்லி யாராவது மருந்து விற்றால் வாங்காதீர்கள். தம்பியின் சிகிச்சையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: கொசு போன்ற பூச்சியின் புழுவில் ராட்சதக் குரோமோசோம் உண்டு, அதில் டி.என்.ஏ. ஆயிரம் மடங்காக இருக்கும் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. ஒருமுறைக்கு மேல் எழுதக் கூடாது என்று நீங்கள் எழுதியது அதற்குப் பொருந்தவில்லையே?
– பிளஸ் டூ மாணவன், கடலூர் கூத்தப்பாக்கம்

பதில்: மிகச் சரியான இடத்தில் பிடித்திருக்கிறாய், தம்பி. விதி ‘ஒரு சுற்றுக்கு ஒருமுறை’ என்பதுதான். அந்தப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பி உயிரணுக்கள், பிரியும் படியை மட்டும் விட்டுவிட்டு, சுற்றைத் திரும்பத் திரும்ப நடத்துகின்றன. ஒரு சுற்றில் ஒருமுறை எழுதி முடிக்கும், பிறகு ஜெமினின் சிதைக்கப்படும், வளையங்கள் மாட்டப்படும், அடுத்த சுற்றில் மறுபடி ஒருமுறை எழுதும். இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, பத்துச் சுற்றில் 1,024 மடங்காகிறது. பழ ஈயின் புழுவில் ஜெமினின் இவ்வாறு ஏறி இறங்குவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதைச் சிதைய விடாமல் செய்தால் இந்தப் பெருக்கம் நின்றுவிடுகிறது. நம் எலும்பு மச்சையிலும் இப்படிப் பன்மடங்காகும் உயிரணுக்கள் உண்டு. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அவற்றிலிருந்துதான் உதிர்கின்றன.

ராட்சதக் குரோமோசோமை நீயே பார்க்கலாம். கழுவாமல் கிடக்கும் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சேற்றில் இரத்தச் சிவப்பாக நெளியும் கைரோனோமஸ் புழுவை ஆசிரியர் துணையோடு எடுத்துக்கொள். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி உப்புக் கரைசலில் வைத்து, ஓர் ஊசியால் உடலை அழுத்திப் பிடித்து, இன்னோர் ஊசியால் தலையை மெதுவாக இழு. தலையோடு கண்ணாடிபோல் தெளிவான இரண்டு சிறு பைகள் வரும். அவை உமிழ்நீர்ச் சுரப்பிகள். மற்றதையெல்லாம் அகற்றிவிட்டு, அசிட்டோகார்மைன் சாயத்தில் கால் மணி நேரம் வைத்து, மூடுதகட்டை வைத்து, மையொற்றுத் தாளின் மேல் கட்டை விரலால் ஒரே சீராக அழுத்து. நுண்ணோக்கியில் குறுக்குக் கோடுகள் நிறைந்த தடித்த கயிறுகளாகக் குரோமோசோம்கள் தெரியும். ஒவ்வொரு கயிறும் ஆயிரக்கணக்கான இழைகள் வரிக்கு வரி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி நிற்பது. கயிறு ஓரிடத்தில் உப்பி வளையம்போல் தெரிந்தால், 1881ஆம் ஆண்டு பால்பியானி இதே புழுவில் கண்டு எழுதிய வளையத்தைத்தான் நீயும் பார்க்கிறாய். அதைப் பென்சிலால் வரைந்து எனக்கு அனுப்பு.